ஹோட்டல் பாயிண்டா, கிஃப்ட் கார்டா?

கேள்வி: சேலம் செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிக் கொலுசு வியாபாரம் செய்கிறேன். ஆர்டர் பிடிக்க விஜயவாடா, ஹூப்ளி, கோயம்புத்தூர் என்று அலைவதால் பல வருடமாக ஒரே ஹோட்டல் குழுமத்தில்தான் தங்குகிறேன். அவர்களுடைய உறுப்பினர் திட்டத்தில் 60,000 பாயிண்ட் சேர்ந்திருக்கிறது. ஏற்காட்டில் அவர்களுக்கு ஒரு ரிசார்ட் உண்டு. ஒரு ரூமுக்கு ஒரு இரவு 10,000 பாயிண்ட். மே மாதம் அப்பா அம்மா, பிள்ளைகளோடு இரண்டு ரூம் எடுத்து மூன்று இரவு தங்கலாம் என்றுதான் சேர்த்து வைத்தேன். இப்போது மெயில் வந்திருக்கிறது: அடுத்த மாதம் முதல் தேதியிலிருந்து ஒரு இரவுக்கு 16,000 பாயிண்டாம். வேண்டாம் என்றால் ஏழு நாளுக்குள் மொத்த பாயிண்டையும் ஒப்படைத்துவிட்டு 15,000 ரூபாய்க்கு கிஃப்ட் கார்டு வாங்கிக்கொள்ளலாமாம். எது நல்லது? இப்படி இஷ்டத்துக்கு ஏற்றலாமா? மும்பை கோர்ட்டில்தான் வழக்குப் போட முடியும் என்று விதிமுறையில் வேறு இருக்கிறது.

பதில்: கார்டா பாயிண்டா என்று யோசிப்பதற்கு முன்னால் இன்றைக்கே ஒரு வேலை செய்யுங்கள். புதிய கணக்கு அடுத்த மாதம் முதல் தேதியிலிருந்துதான் என்று அவர்களே எழுதியிருக்கிறார்கள். அதுவரைக்கும் பழைய 10,000 தான் விலை. மே மாதத்துக்கு ரூம் காட்டுகிறதா என்று பாருங்கள். காட்டினால் இரண்டு ரூம், மூன்று இரவு, 60,000 பாயிண்ட் என்று இப்போதே புக் செய்துவிடுங்கள். உறுதி செய்யும் மெயில் வந்துவிட்டால் அது இரண்டு தரப்பையும் கட்டும், உறுதியாகிவிட்ட ஒப்பந்தம். தங்கப் போவது மே மாதம்தானே, அப்போது விலை ஏறிவிட்டதே என்று சொல்லி மேற்கொண்டு 36,000 பாயிண்ட் கேட்க அவர்களுக்கு வழியில்லை. கேட்டால் அது நேரடியான சேவைக் குறைபாடு. அப்படி ஒரு வழக்கு உங்களுக்கு மிகவும் சாதகமானது.

தேதி பார்க்கும்போது கோடை விழாவும் அண்ணா பூங்காவின் மலர்க் கண்காட்சியும் நடக்கும் நாட்களை விட்டுத் தேடுங்கள். கூட்டம் மலையேறும் நாட்களில் பாயிண்ட் செல்லாது என்று பல திட்டங்களின் விதியில் இருக்கும். மே கிடைக்கவில்லை என்றால் ஜூன், ஜூலை என்று தள்ளிப் பாருங்கள். பழைய விலைக்கு எந்தத் தேதி கிடைத்தாலும் அது கார்டைவிட லாபம்தான். புக் செய்வதற்கு முன்னால் ரத்து விதியையும் படித்துக்கொள்ளுங்கள். பின்னால் பயணம் நின்றுபோனால் பாயிண்ட் முழுசாகத் திரும்புமா என்பது அதில்தான் இருக்கிறது.

சரி, பழைய விலைக்கு எந்த ரூமும் கிடைக்கவில்லை என்று வைத்துக்கொள்வோம். அப்போதுதான் உங்கள் கேள்வி உண்மையிலேயே எழுகிறது.

கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். அந்த ரிசார்ட்டில் சீசன் வாடகை ஒரு இரவுக்கு 6,500 ரூபாய் என்று எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு இரவு வாடகை 7,500 ரூபாய் வரை உள்ள ரூமுக்கு 2025 செப்டம்பர் 22 முதல் ஜிஎஸ்டி 5 சதவீதம். அதையும் சேர்த்தால் 6,825. புதிய விலையில் உங்கள் பாயிண்டுக்கு மூன்று இரவு கிடைக்கும், 12,000 பாயிண்ட் மிச்சம் இருக்கும். ஆயிரம் பாயிண்டுக்கு ஏறக்குறைய 426 ரூபாய் விழுகிறது. கார்டில் ஆயிரம் பாயிண்டுக்கு 250 ரூபாய்தான். ஆனால் மழைக்காலத்தில் அதே ரூம் 4,000 ரூபாய்க்கு வந்தால், வரியோடு 4,200, பாயிண்டின் மதிப்பு 262 ஆகிவிடுகிறது. வித்தியாசமே இல்லை. பாயிண்டில் எடுக்கும் ரூமுக்கு வரியைத் தனியாகக் கட்டச் சொல்கிறார்களா என்றும் கேளுங்கள். அப்படிக் கேட்டால் கணக்கு இன்னும் கொஞ்சம் இறங்கும். உங்களிடம் உள்ள உண்மையான வாடகையை வைத்து இதே மாதிரி போட்டுப் பாருங்கள்.

கணக்கு மட்டும் போதாது. சட்டத்தின் பார்வையில் இரண்டும் ஒரே சாமான் இல்லை. உறுப்பினர் திட்டத்தின் விதிமுறையைத் திறந்து பாருங்கள். பாயிண்ட் உறுப்பினரின் சொத்து அல்ல, பணமாக மாற்ற முடியாது, முன்னறிவிப்போடோ இல்லாமலோ மாற்றுவோம் என்று வழக்கமாக எழுதியிருப்பார்கள். உலகப் பெரிய குழுமங்களிலும் இதுதான் நிலை. ஹில்டன் 2017லும் மேரியட் 2022 மார்ச்சிலும் நிலையான பாயிண்ட் பட்டியலைக் கைவிட்டு, வாடகையைப் போலவே பாயிண்டும் தேதிக்குத் தேதி ஏறி இறங்கும் முறைக்குப் போய்விட்டன. இரண்டிலும் 24 மாதம் கணக்கில் எந்த நடமாட்டமும் இல்லை என்றால் பாயிண்ட் போய்விடும். ஆகவே நான் யாருக்கும் சொல்வது: பாயிண்டைச் சேமிப்புக் கணக்காக நினைத்துச் சேர்க்காதீர்கள். வரும் ஆறு மாதத்துக்குள் தங்கும் தேதி கையில் இருந்தால் பாயிண்டை வைத்துக்கொள்ளுங்கள். தேதியே இல்லை, எப்போதாவது போகலாம் என்றால் கார்டை வாங்கிவிடுங்கள்.

ஆனால் யாருடைய கார்டு? மெயிலில் இதைக் கண்டுபிடித்த பிறகுதான் ஒப்புதல் கொடுக்க வேண்டும். ஹோட்டலே வெளியிட்டு ஹோட்டலிலேயே செல்லும் கார்டு என்றால், பணம் அவர்களுடைய பையை விட்டு வெளியே வராது. முன்கூட்டியே பணம் போட்டுவைத்துச் செலவழிக்கும் கார்டு, வாலட் போன்றவற்றுக்கான ரிசர்வ் வங்கியின் ‘முன்பணக் கருவி’ விதிகள் இப்படிப்பட்ட கார்டுக்குப் பொருந்தா. காலாவதி, மிச்சத் தொகை எல்லாம் அவர்கள் எழுதியதுதான். ஒரே கடையில் மட்டும் செல்லும் கார்டும் அப்படித்தான். பல கடைகளில் செல்லும், வங்கியோ ரிசர்வ் வங்கி அனுமதி பெற்ற நிறுவனமோ வெளியிட்ட கிஃப்ட் கார்டு என்றால் கதையே வேறு. 2021 ஆகஸ்ட் 27 தேதியிட்ட ரிசர்வ் வங்கியின் முதன்மை வழிகாட்டுதல் அதற்குப் பொருந்தும். குறைந்தது ஒரு வருடம் செல்லுபடியாக வேண்டும். காலாவதிக்கு முந்தைய 45 நாளில் உங்களை எச்சரிக்க வேண்டும். கேட்டால் புதுப்பித்துத் தரலாம் என்றும் அதில் இருக்கிறது. ஒரு கார்டில் 10,000 ரூபாய்க்கு மேல் போட முடியாது என்பதால் உங்கள் 15,000 இரண்டு கார்டாகத்தான் வரும். ஒரே கார்டில் 15,000 என்று வந்தால் அது ஹோட்டலின் சொந்தக் கார்டாகவோ ஒரே கடையில் செல்லும் கார்டாகவோதான் இருக்க வேண்டும் என்று ஊகிக்கலாம்.

என் கருத்தைக் கேட்டால், வங்கிக் கார்டு என்றால் தயங்காமல் வாங்குங்கள். ஹோட்டல் கார்டு என்றால் ஒரு வருடமாவது செல்லுமா, பல தடவையாகப் பிரித்துச் செலவழிக்கலாமா, விஜயவாடாவிலும் செல்லுமா என்று மூன்றையும் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். உங்கள் தொழிலுக்கு அந்தக் கடைசிக் கேள்விதான் முக்கியம். எப்படியும் போகிற ஊரில் ரூம் வாடகையாகச் செலவாகிவிட்டால் 15,000 ரூபாயும் முழுசாகக் கைக்கு வந்த மாதிரிதான். அப்புறம், கார்டை உங்கள் தம்பிக்கோ மகளுக்கோ கொடுத்துவிடலாம். பாயிண்டை அடுத்தவர் பெயருக்கு மாற்றப் பெரும்பாலும் விடமாட்டார்கள்.

கார்டை வாங்குவதில் ஒரு சட்டச் சிக்கல் இருக்கிறது, இதைப் பலர் கவனிப்பதில்லை. இந்திய ஒப்பந்தச் சட்டம் 1872, பிரிவு 62ன்படி இரண்டு தரப்பும் சேர்ந்து பழைய ஒப்பந்தத்துக்குப் பதில் புதியதை ஏற்றுக்கொண்டால் பழையது அத்தோடு முடிந்தது. ‘சம்மதம்’ பட்டனை அழுத்திய நிமிடம் பழைய 60,000 பாயிண்டைப் பற்றிப் பேசும் உரிமை போய்விட்டது என்று அவர்கள் வாதாடுவார்கள். ஆகவே பட்டனைத் தொடுவதற்கு முன் இப்படி ஒரு மெயில் அனுப்பிவிடுங்கள்: “பாயிண்ட் விலையை உயர்த்தியதை நான் ஏற்கவில்லை. வேறு வழியில்லாததால் எதிர்ப்போடு கார்டைப் பெற்றுக்கொள்கிறேன். பழைய விலையில் எனக்கு இருந்த உரிமையை விட்டுக்கொடுக்கவில்லை.” இந்த மூன்று வரி இல்லாமல் என்னிடம் வருபவர்களின் வழக்கை நடத்துவது உண்மையிலேயே கஷ்டம்.

இனி, ஏற்றலாமா என்ற கேள்வி. நேராகச் சொல்லிவிடுகிறேன். மாற்றும் அதிகாரம் எங்களுக்கு உண்டு என்று விதியில் எழுதி, முன்கூட்டியே தேதி சொல்லி ஏற்றியிருந்தால் வழக்கு சுலபமில்லை. ஆனால் வழியே இல்லை என்றும் சொல்லமாட்டேன். பாயிண்ட் சும்மா கொடுத்தது, சும்மா கொடுத்ததற்கு வழக்கா என்பார்கள். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019, பிரிவு 2(47) இதற்குப் பதில் வைத்திருக்கிறது. பரிசு தருகிறேன் என்று சொல்லிவிட்டுத் தராமல் இருக்கும் நோக்கமும், வாங்கிய பணத்துக்குள் அடங்கியதையே இலவசம் போலக் காட்டுவதும் முறையற்ற வணிக நடைமுறை. நீங்கள் தங்கிய ஒவ்வொரு இரவின் வாடகையிலும்தான் அந்தப் பாயிண்டின் விலை இருக்கிறது. சேரும்போது “ஏற்காட்டில் ஒரு இரவு 10,000 பாயிண்ட் மட்டுமே” என்று விளம்பரமோ மெயிலோ வந்திருந்தால் அதைத் தேடி எடுங்கள். உங்கள் வழக்கின் பலமே அதில்தான். ஏழு நாள் கெடு போலியானது என்றால், கெடு முடிந்த பிறகும் அதே சலுகை ஓடிக்கொண்டிருந்தால், அதையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். இப்படிப் பொய் அவசரம் காட்டுவதை மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பர் 30 அன்று வெளியிட்ட வழிகாட்டுதல் தடை செய்திருக்கிறது.

இஷ்டத்துக்கு மாற்றலாம் என்ற ஹோட்டலின் விதியே ஒருதலைப்பட்சமானது, செல்லாது என்று அறிவிக்கச் சொல்லி வழக்குப் போட ஆசைப்படுவீர்கள். ‘முறையற்ற ஒப்பந்தம்’ என்ற அந்தப் புகாரை மாவட்ட நுகர்வோர் ஆணையம் விசாரிக்க முடியாது. சென்னையில் உள்ள மாநில நுகர்வோர் ஆணையத்துக்குப் போக வேண்டும். 15,000 ரூபாய் விஷயத்துக்குச் சென்னைக்கு அலைய வேண்டாம். முறையற்ற வணிக நடைமுறை, சேவைக் குறைபாடு என்ற இரண்டை மட்டும் வைத்து சேலத்திலேயே போடுங்கள்.

சேலத்தில் போட முடியுமா? முடியும். புகார்தாரர் வசிக்கும் இடத்திலோ வேலை பார்க்கும் இடத்திலோ உள்ள மாவட்ட ஆணையத்தில் புகார் தரலாம் என்று அதே நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் பிரிவு 34 சொல்கிறது. ஹோட்டல் எழுதிக்கொண்ட மும்பை நிபந்தனை சட்டம் கொடுத்த உரிமையைப் பறிக்காது. கோர்ட்டுக்குப் பதில் தனி நடுவரிடம்தான் (ஆர்பிட்ரேஷன்) போக வேண்டும் என்று எழுதியிருந்தாலும் அப்படியே. எம்மார் எம்ஜிஎஃப் எதிர் அஃப்தாப் சிங் வழக்கில் 2018ல் உச்ச நீதிமன்றம் இந்த நடுவர் விஷயத்தைத் தெளிவாக்கிவிட்டது.

உங்கள் விஷயத்தில் எனக்குக் கவலை தரும் இடம் வேறு. வியாபாரத்துக்காகத் தங்கினீர்கள், பில்லில் கடையின் ஜிஎஸ்டி எண் இருக்கும். வணிக நோக்கத்துக்குச் சேவை பெற்றவர் நுகர்வோரே அல்ல என்று முதல் நாளே ஆட்சேபம் வரும். சுயதொழில் செய்பவருக்கு 2019 சட்டம் கொடுக்கும் விலக்கு, வாங்கிய பொருளைப் பற்றி மட்டும்தான் பேசுகிறது. சேவையைச் சொல்லவில்லை. அதனால் அதை நம்பி நிற்க வேண்டாம். லீலாவதி மருத்துவ அறக்கட்டளை வழக்கில் 2019ல் உச்ச நீதிமன்றம் வகுத்த அளவுகோலைப் பிடித்துக்கொள்ளுங்கள். செவிலியர் தங்குவதற்காக மருத்துவமனை குடியிருப்பு வாங்கியது. வாங்கியதன் முதன்மை நோக்கம் நேரடியாக லாபம் ஈட்டுவதா என்று பார்த்து, இல்லை என்பதால் அறக்கட்டளையை நுகர்வோராக ஏற்றது நீதிமன்றம். நீங்கள் ரூமை வாடகைக்கு விட்டுச் சம்பாதிக்கவில்லை, படுத்துத் தூங்கினீர்கள். பாயிண்டை வைத்திருந்ததும் குடும்பத்தோடு மலைக்குப் போகத்தான். புகாரின் முதல் பக்கத்திலேயே இதை எழுதுங்கள். குடும்பத்தோடு சொந்தப் பணத்தில் தங்கிய பில் ஏதாவது இருந்தால் அதையும் சேருங்கள்.

வழக்குக்கு முன்னால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிவு செய்யுங்கள். பெரிய குழுமங்கள் அந்தக் கட்டத்திலேயே இறங்கி வருவது உண்டு, பழைய விலைக்கு ஒரு புக்கிங் கொடுத்து முடித்துக்கொள்வார்கள். அது நடக்கவில்லை என்றால் நுகர்வோர் ஆணையங்களில் ஆன்லைனில் புகார் தருவதற்கான இ-ஜாக்ருதி தளத்தில் வீட்டிலிருந்தே தாக்கல் செய்யலாம். வக்கீல் வைத்தே ஆக வேண்டும் என்பதில்லை. நீங்கள் கொடுத்த தொகை ஐந்து லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் கட்டணமும் கிடையாது. இரண்டு வருடம் கெடு உண்டு. புதிய விலை அமலுக்கு வரும் தேதியிலிருந்து எண்ணிக்கொள்ளுங்கள். கணக்கில் 60,000 பாயிண்ட் இருப்பதைக் காட்டும் அறிக்கையை மட்டும் இன்றே பதிவிறக்கி உங்கள் மெயிலுக்கு அனுப்பி வையுங்கள். திட்டம் மாறியதும் பழைய பக்கங்கள் ஆப்பிலிருந்து காணாமல் போய்விடும்.