ஆர்ச்டாப் ஜாஸ் கிட்டார் இப்போது வாங்கலாமா? இருபது வருடம் கழித்து அதை யாராவது தேடுவார்களா?

இப்படிக் கேட்கிறீர்கள் என்றால் உங்கள் கண் ஏற்கெனவே ஒரு எஃப் துளை கிட்டார் மேல், அதாவது மேல்பலகை வளைந்து, f எழுத்து வடிவில் இரண்டு துளை உள்ள ஆர்ச்டாப் மேல், விழுந்துவிட்டது. அனேகமாக, வாசிப்பதை நிறுத்திவிட்ட பெரியவர் யாரோ விற்கிறார். உங்களுக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் மற்றவர்களிடம் சொல்ல ஒரு காரணம் வேண்டும், அதற்கு "பின்னால் விலை ஏறும்" என்பது வசதியாக இருக்கிறது. என் ஊகம் தப்பென்றால் மன்னிக்கவும். சரியென்றால் கிட்டாரை வாங்குங்கள், அந்தக் காரணத்தை மட்டும் நம்பாதீர்கள்.

ஆர்ச்டாப்புக்கு எதிர்காலம் உண்டா என்று யாராவது கேட்டால் எனக்குச் சிரிப்புதான் வரும். அது எந்த வேலைக்காகச் செய்யப்பட்டதோ அந்த வேலை போயே தொண்ணூறு வருடம் ஆகிறது. 1922-ல், லாயிட் லோர் என்ற வடிவமைப்பாளர் கிப்சன் என்ற அமெரிக்கக் கிட்டார் நிறுவனத்தில் இருந்த காலத்தில், எல்-5 என்ற ஆர்ச்டாப் வந்தது. மேல்பலகையை வயலின் மாதிரி வளைவாகச் செதுக்கி, வட்டத் துளையை எடுத்துவிட்டு இரண்டு எஃப் துளை வெட்டினார்கள். மாண்டலின் குழுக்களை மனதில் வைத்துச் செய்த பொருளை ஜாஸ் குழுக்கள் பிடித்துக்கொண்டன. டிரம்பெட்டும் சாக்ஸபோனும் முழங்கும் மேடையில், கிட்டார் சத்தத்தைப் பெருக்கும் ஆம்ப் இல்லாத காலத்தில், கிட்டாரின் தாளம் கேட்டாக வேண்டும். அதனால் 1930களில் கிட்டாரின் உடம்பு பெருத்துக்கொண்டே போனது. பதினேழு அங்குல அகலம், கிப்சனின் சூப்பர் 400 வந்தபோது பதினெட்டு, பாஸ்டனில் ஸ்ட்ராம்பர்க் பட்டறையில் பத்தொன்பது.

அப்புறம் 1936-ல் அதே கிப்சன் இஎஸ்-150 என்ற கிட்டாரில் பிக்கப், அதாவது கம்பியின் அதிர்வை மின்சாரமாக்கி ஆம்புக்கு அனுப்பும் கருவி, வைத்தது. 1939-ல் கிட்டார் கலைஞர் சார்லி கிறிஸ்டியன் அதோடு போய் பென்னி குட்மனின் ஜாஸ் குழுவில் சேர்ந்தார். 1942-ல், 25 வயதில், காசநோய் அவரைக் கொண்டுபோய்விட்டது. அதற்குள் கிட்டாரில் ஒவ்வொரு சுரமாகச் சோலோ வாசிக்கலாம், அது கடைசி வரிசை வரை கேட்கும் என்று உலகத்துக்கே தெரிந்துவிட்டது. சத்தத்துக்காகப் பெரிய பெட்டி தேவை என்ற நியாயம் அங்கேயே செத்துப்போயிற்று. 1958-ல் கிப்சனின் இஎஸ்-335 நடுவில் மரக்கட்டை வைத்து வந்தபோது, ஆம்ப் சத்தத்தில் பெட்டியே ஊளையிடும் ஃபீட்பேக் தொல்லைக்கும் வழி கிடைத்தது. கணக்குப்படி ஆர்ச்டாப் அதோடு முடிந்திருக்க வேண்டும். ஆனால் ஜாஸ் கிட்டார் கலைஞர் வெஸ் மாண்ட்கோமரி கட்டைவிரலால் எல்-5 வாசித்து உச்சத்துக்குப் போனது அதற்குப் பிறகுதான்.

சிலர் உடனே சண்டைக்கு வருவார்கள்: "ஜாஸ் வாசிக்க ஆர்ச்டாப் எதற்கு? டெலிகாஸ்டர் போதுமே." உள்ளே கூடு இல்லாத அந்தப் பலகைக் கிட்டார் போதும்தான். எட் பிக்கர்ட் டெலிகாஸ்டரில் வாசித்ததை நானும் கேட்டிருக்கிறேன், கண்ணை மூடிக்கொண்டால் பெரிய பெட்டி கிட்டார் என்றுதான் நினைப்பீர்கள். பில் ஃப்ரிசெல், ஜூலியன் லாஜ் எல்லாரும் அதில் வாசித்தவர்களே. நான் எந்தக் கட்சியும் இல்லை. என் வீட்டிலும் பலகைக் கிட்டார் ஒன்று உண்டு.

என் ஆர்ச்டாப் பதினேழு அங்குலம், செதுக்கிய ஸ்ப்ரூஸ் மேல்பலகை, மேப்பிள் முதுகு, கம்பிகளுக்குப் பக்கத்தில் இருக்கும் தகடான பிக்கார்டின் ஓரத்தில், பலகையைத் தொடாமல் தொங்கும் மிதவை பிக்கப். பெயர் சொன்னால் வாயைப் பிளக்கும் பிராண்ட் இல்லை. ஒரு கட்டத்தில் அதை விற்கலாம் என்று முடிவு செய்தேன். வலது தோள் வலி. உட்கார்ந்து வாசிக்கும்போது அந்த அகலத்தையும் கனத்தையும் தாண்டிக் கை போக வேண்டும், வயதானால் தோள் கணக்குக் கேட்கிறது.

விளம்பரத்தைப் பார்த்து ஒருவர் வந்தார். கையில் டார்ச், பல் மருத்துவர் வைத்திருப்பாரே, அந்த மாதிரி ஒரு குட்டிக் கண்ணாடி. எஃப் துளைக்குள் கண்ணாடியை விட்டு லேபிளைப் படம் பிடித்தார். கம்பிகளின் கீழ் முனையைப் பிடித்திருக்கும் டெயில்பீஸின் அடியைப் பார்த்தார், சுருதி கூட்டும் டியூனர்களின் பின்பக்கத்தைப் பார்த்தார். "வாசித்துப் பாருங்களேன்" என்றேன். "வேண்டாம் சார், நான் வாசிக்கிறதில்லை, வாங்கி வைப்பேன்" என்றார்.

கடைசியில் பிக்கார்டில் வந்து நின்றார். அது புதியது. பழைய செல்லுலாய்ட் பிக்கார்டுகள் காலப்போக்கில் தானாகவே சிதையத் தொடங்கும். ஓரம் நொறுங்கும், ஒரு காட்டமான வாடை வரும், அதிலிருந்து வரும் அமிலப் புகை பக்கத்தில் இருக்கிற உலோகத்தைப் பச்சை பிடிக்க வைக்கும், வார்னிஷையும் கெடுக்கும். என்னுடையது அப்படி ஆரம்பித்ததும் கழற்றி, கிட்டார்ப் பெட்டிக்குள் வைக்காமல் வேறு அறையில் திறந்த அட்டைப் பெட்டியில் போட்டு வைத்தேன். அதே அளவில் கருங்காலியில் புதிதாகச் செய்து மாட்டினேன். இதைச் சொல்லி, பழையதையும் கொண்டுவந்து காட்டினேன். அவர் முகம் மாறிவிட்டது. "ஒரிஜினல் இல்லையென்றால் பாதி விலைதான் சார்" என்றார்.

மரத்தைக் காப்பாற்றியதற்கு அபராதம்! அந்தப் பிக்கார்டை அப்படியே விட்டிருந்தால் டெயில்பீஸ் அரித்திருக்கும், மேல்பலகையில் கறை விழுந்திருக்கும், ஆனால் எல்லாம் "ஒரிஜினல்" ஆக இருந்திருக்கும். விற்கவில்லை என்று சொல்லி அனுப்பிவிட்டேன். தோளுக்கு வேறு வழி செய்துகொண்டேன். கிட்டாரை மார்போடு ஒட்டி நேராகப் பிடிக்காமல் கொஞ்சம் சாய்வாக, கீழ்ப்பக்கம் உடம்பிலிருந்து விலகி நிற்கும்படி வைத்து, உட்கார்ந்திருக்கும்போதும் வார் போட்டு வாசிக்கிறேன். கவுண்ட் பேஸி ஜாஸ் குழுவின் கிட்டார் கலைஞர் ஃப்ரெட்டி கிரீனின் படங்களைப் பாருங்கள், கிட்டார் கிட்டத்தட்டப் படுத்த நிலையில் இருக்கும். அது ஸ்டைல் என்று நினைத்திருந்தேன். தோளுக்கும் நல்லது, முதுகுப் பலகையும் உடம்பில் அமுங்காமல் அதிரும்.

சேகரிப்பாளர்கள் எல்லாரையும் திட்டுவதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். ஸ்காட் சினரி என்ற அமெரிக்கச் சேகரிப்பாளர் 1990களில் இருபதுக்கும் மேற்பட்ட கைவினைஞர்களிடம், ஆளுக்கு ஒரு பதினெட்டு அங்குல ஆர்ச்டாப், எல்லாம் நீல நிறத்தில், மற்றதெல்லாம் உங்கள் இஷ்டம் என்று செய்யச் சொன்னார். ஜிம்மி டி'அக்கிஸ்டோ என்ற கைவினைஞர் செய்த ஒரு நீலக் கிட்டார்தான் அதற்குத் தூண்டுதல். அந்த ஒரு ஆர்டரால் எத்தனை பட்டறைகள் புதிதாக யோசித்திருக்கும்! அப்படிப்பட்டவர் பத்துப் பேர் இருந்தால் நான் வாயே திறக்க மாட்டேன்.

இப்போது உங்கள் இருபது வருடக் கணக்கு. 1905-ல் பிறந்த ஜான் டி'ஆஞ்சலிகோ நியூயார்க்கில் தன் சின்னப் பட்டறையில் செய்த கிட்டார்கள் 1,164 என்பார்கள். 1964-ல் அவர் போனபின் பட்டறையை எடுத்துக்கொண்ட சீடர் ஜிம்மி டி'அக்கிஸ்டோவும் 1995-ல் போய்விட்டார். 2011-ல் நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகம் இவர்கள் இருவரையும் ஜான் மான்டலியோனியையும் வைத்துத் தனிக் கண்காட்சியே நடத்தியது. இந்த மாதிரிப் பெயர்களுக்கு எப்போதும் ஆள் இருக்கும், அது ஓவியச் சந்தை மாதிரி, நமக்குச் சம்பந்தமில்லை. எனக்குக் கவலை நடுத்தரப் பழைய ஆர்ச்டாப்கள் பற்றித்தான். பெரிய பெட்டி, பிக்கப் இல்லை, பெரிய பெயரும் இல்லை. அந்த இசையை நேரில் கேட்டு வளர்ந்தவர்கள் வாங்கியவை. அவர்கள் விற்கிறார்கள், அடுத்த ஆட்களுக்கு அந்த அளவு பெட்டியைத் தூக்க மனமில்லை. விலை ஏறுவதற்கு எந்தக் காரணமும் எனக்குத் தெரியவில்லை. வாசிக்க வாங்குபவருக்கு அது நல்ல செய்திதானே?

லேமினேட் கிட்டார்களுக்கு ஆயுள் கெட்டி. 1949-ல் வந்த இஎஸ்-175-ன் மேல்பலகை செதுக்கியதே இல்லை, மேப்பிள் அடுக்குகளை ஒட்டி அழுத்தி வளைத்தது. மரப் பிரியர்கள் பிளைவுட் என்று முகம் சுளிப்பார்கள். ஜிம் ஹால், ஜோ பாஸ், பாட் மெத்தீனி பதிவுகளில் நாம் கேட்டு மயங்கும் ஒலியில் பெரும்பங்கு அந்தப் பிளைவுட்தான். ஆம்ப் பக்கத்தில் இருந்தாலும் சீக்கிரம் ஊளையிடாது, வறட்சியிலும் எளிதில் வெடிக்காது. மேடைக்குத்தான் என்றால் வேறு யோசிக்காமல் அதுபோல ஒன்றை எடுங்கள்.

செதுக்கியது எதற்கு என்றால், ஆம்ப் போடாமல் வாசிக்கும்போது கிடைக்கும் அந்த ஒலிக்கு. கம்பி, அதைத் தாங்கி நிற்கும் பிரிட்ஜ் மேல் ஏறி டெயில்பீஸுக்கு இறங்குவதால் மேல்பலகையைக் கீழ்நோக்கி அழுத்துகிறது. சுரம் சட்டென்று கிளம்பும், சட்டென்று அடங்கும். நான்கு சுரக் கார்ட் ஒன்றைத் தட்டினால் நான்கும் தனித்தனியாகக் கேட்கும், ஒன்றோடொன்று குழையாது. என்னிடம் கொஞ்ச காலம் கற்றுக்கொண்ட ஒரு பெண், பலகைக் கிட்டாரில் பிரமாதமாக வாசிப்பவள், இதை எடுத்து அரைமணி நேரம் வாசித்தாள். கார்ட் வாசிக்கும்போது முகம் மலர்ந்தது. சோலோவுக்கு வந்ததும், "அண்ணா, நான் நினைச்சு முடிக்கிறதுக்குள்ள சத்தம் செத்துப்போயிடுது" என்றாள். நியாயமான குறை. அவளுக்கு நீளமாக இழுத்துப் பாடும் சுரம் வேண்டும், இது அதைத் தராது. ஆனால் ரெக்கார்டிங்கில் ரிதம் வாசிக்க வேண்டியிருந்தால் மைக் வைத்து வாசிக்க இதைத்தான் கேட்டு வாங்கிக்கொண்டு போகிறாள். அடுத்த தலைமுறையிடம் இந்தக் கிட்டாருக்கு இருக்கும் இடம் அனேகமாக இவ்வளவுதான்: எல்லாருக்கும் சொந்தமாக இருக்காது, ஆனால் எங்கேயாவது ஒன்று இருந்தால் எடுத்து வாசிப்பார்கள்.

ரிதம் என்றதும் ஒரு வயிற்றெரிச்சல், கேள்விக்குத் தொடர்பில்லை, சொல்லாமல் போக முடியவில்லை. பியானோக்காரர்கள். நான் வாசித்த ஒரு குழுவில் பியானோ வாசிப்பவர் என்னைப் பார்த்துக் கையால் சைகை காட்டுவார், நிறுத்து என்று. இரண்டு பேர் சேர்ந்து கார்ட் வாசித்தால் முட்டிக்கொள்ளும், உண்மை. ஆனால் ஏன் எப்போதும் கிட்டார்தான் ஒதுங்க வேண்டும்? கவுண்ட் பேஸி என்ன செய்தார்? அவரே பியானோ, குழுவுக்கே அவர் பெயர். 1937-லிருந்து 1987-ல் சாகும் வரை, நடுவில் ஒரு சின்ன இடைவெளி தவிர, ஃப்ரெட்டி கிரீன்தான் அங்கே கிட்டார். அனேகமாக ஆம்ப் இல்லாமல், சோலோ இல்லாமல், அடிக்கு ஒரு தட்டு. கார்ட் என்றாலும் மூன்று சுரம், பல நேரம் காதில் விழுவது ஒன்றுதான். பேஸி பியானோவில் நாலு சுரத்தைத் தூவிவிட்டு விலகிக்கொள்வார். பத்து விரலையும் எல்லா நேரமும் பயன்படுத்தியே ஆக வேண்டும் என்று பியானோ பள்ளிகளில் யார் சொல்லித்தருகிறார்களோ. சரி, விடுங்கள்.

பார்க்கப் போகும்போது கவனிக்க வேண்டியவை. மேல்பலகை பிரிட்ஜுக்குக் கீழே அமுங்கியிருக்கிறதா என்று பக்கவாட்டிலிருந்து பாருங்கள். விரல் முட்டியால் மெதுவாகத் தட்டுங்கள், உள்ளே கடகடவென்றால் பலகையைத் தாங்க ஒட்டிய சட்டம் விட்டிருக்கிறது, அது சரிசெய்யக்கூடியது. பிரிட்ஜை முழுக்க இறக்கியும் கம்பி உயரமாகவே நின்றால் நெக்கின் கோணம் போய்விட்டது, அது பெரிய செலவு. பிரிட்ஜ் ஒட்டப்பட்டதல்ல, கம்பியின் அழுத்தத்தில்தான் நிற்கிறது. அதன் பாதம் மேல்பலகையின் வளைவோடு ஒரு தாள்கூட நுழையாதபடி பொருந்த வேண்டும். பொருந்தாமல் பாதி ஒலியை இழந்துவிட்டு "செத்த கிட்டார்" என்று விற்றவர்களைப் பார்த்திருக்கிறேன். கம்பி மாற்றும்போது ஒவ்வொன்றாக மாற்றுங்கள், எல்லாவற்றையும் ஒரேயடியாகக் கழற்றினால் பிரிட்ஜ் இடம் மாறி சுருதி கெடும். அறையின் ஈரப்பதம் 45 முதல் 55 சதவீதத்துக்குள் இருந்தால் செதுக்கிய பலகைக்கு நல்லது.

முதலில் 12-ல் (மிக மெல்லிய கம்பியின் தடிமன் 0.012 அங்குலம்) தொடங்கும், தட்டையான சுற்றுள்ள ஃப்ளாட்வவுண்ட் கம்பி செட் போடுங்கள், மூன்றாவது கம்பியும் சுற்றுக்கம்பியாக இருக்கட்டும். 13 ரிதத்துக்கு அருமை, ஆனால் பலகைக் கிட்டாரிலிருந்து வரும் விரலுக்கு முதல் மாதம் கடினம். ஆம்ப் இல்லாமலே வாசிக்கப் போகிறீர்கள் என்றால் ஃப்ளாட்வவுண்ட் வேண்டாம், ஒலி மங்கிவிடும், உருண்டைச் சுற்றுள்ள வெண்கல ரவுண்ட்வவுண்ட் போட்டுக்கொள்ளுங்கள். மிதவை பிக்கப் இருந்தால் மட்டும் நிக்கல் கம்பி, வெண்கலம் காந்தத்துக்குச் சரியாகப் பேசாது.