மின் அடுப்புக்குத் தனி லைன் வேண்டுமா? வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: 2,000 வாட் இண்டக்ஷன் அடுப்பு வாங்கியிருக்கிறோம். சமையலறையில் மிக்ஸி போடும் சின்ன பிளக் பாயிண்ட் மட்டும்தான் இருக்கிறது. கன்வர்ட்டர் போட்டால் போதும் என்கிறார்கள். போதுமா?
– வாசகி, விழுப்புரம்

பதில்: போதாது. 2,000 வாட்டை 230 வோல்ட்டால் வகுத்துப் பாருங்கள், 8.7 ஆம்பியர் வரும். மிக்ஸி பிளக் 6 ஆம்பியருக்கானது. சுவருக்குள் அதற்கு வருவது பெரும்பாலும் 1 அல்லது 1.5 ஸ்கொயர் எம்.எம். வயர்தான். லைட், ஃபேன் எல்லாம் அதே லைனில் லூப் ஆகியிருக்கும். மிக்ஸி ஓடுவது இரண்டு மூன்று நிமிடம். அடுப்போ முக்கால் மணி நேரம் விடாமல் இழுக்கும். வயர் சூடு ஆற இடைவெளியே கிடைக்காது. கன்வர்ட்டர் பிளக்கின் வடிவத்தை மாற்றுமே தவிர, வயரைப் பருமனாக்காது.

வீட்டின் எல்லா லைனும் பிரிகிற டி.பி. பாக்ஸிலிருந்து அடுப்புக்கென்று தனி லைன் இழுக்கச் சொல்லுங்கள். பேஸ், நியூட்ரல், எர்த் மூன்றுமே 2.5 ஸ்கொயர் எம்.எம். காப்பர் வயர், ஐ.எஸ்.ஐ. முத்திரையோடு. முக்கால் இன்ச் பைப்பில் மூன்றும் தாராளமாகப் போகும். டி.பி.யில் 16 ஆம்பியர் எம்.சி.பி. (கரண்ட் அளவு மீறினால் தானாக விழுந்து அணைக்கும் சுவிட்ச்), சமையல் மேடையில் 16 ஆம்பியர் பவர் பிளக்கும் அதற்கான சுவிட்சும். பாக்ஸிலிருந்து மேடை வரை 12 மீட்டர் என்றால், மூன்று நிற வயரிலும் தலா 13 மீட்டர் வாங்குங்கள். இரு முனையிலும் மிச்சம் வேண்டும். வாடகை வீட்டில் சுவரை வெட்ட முடியாவிட்டால், மேலாகக் கேசிங் பட்டி அடித்துக்கொள்ளலாம்.

பாயிண்ட் அடுப்புக்குப் பக்கவாட்டில் வரட்டும். நேர் பின்னால் வைத்தால் ஆவியும் எண்ணெய்ப் பிசுக்கும் பிளக்கில் படியும். அவசரத்துக்கு ஸ்விட்சை அணைக்கக் கொதிக்கும் பாத்திரத்தின் மேல் கையை நீட்ட வேண்டிவரும். சிங்க்கிலிருந்தும் தள்ளியே இருக்கட்டும்.

வயர் சரியாக இருந்தும் பிளக் கருகுகிறது என்றால், காரணம் பெரும்பாலும் ஸ்க்ரூ முனைதான். தளர்ந்த முனையில் அரை ஓம் தடை இருந்தாலே போதும், 8.7 ஆம்பியர் ஓடும்போது அந்த ஒரு புள்ளியில் 38 வாட் சூடு பிறக்கும். சால்டரிங் அயர்ன் ஒன்றை சுவிட்ச் பாக்ஸுக்குள் விட்டு மூடியதற்குச் சமம். ஒரு சென்டிமீட்டர் தோலை உரித்து, இழைகளை முறுக்கி, இரட்டையாக மடித்து நுழைத்து இறுக்க வேண்டும். இழை ஒன்றுகூட வெளியே நீட்டக் கூடாது. பிளாஸ்டிக் தோல் ஸ்க்ரூவுக்கடியில் சிக்கவும் கூடாது. ஒரு மாதம் கழித்து மெயினை அணைத்துவிட்டு மறுபடி இறுக்கச் சொல்லுங்கள். புதிதாக இறுக்கிய காப்பர் சற்று அமுங்கிக் கொடுக்கும்.

கேள்வி: எங்கள் பழைய வீட்டில் எர்த் வயர் கிடையாது. பிளக்குக்குள் நியூட்ரலையும் எர்த்தையும் சேர்த்து ஒரு துண்டு வயர் போட்டால் சரியாகிவிடும் என்கிறார் எலக்ட்ரீஷியன்.
– வாசகர், காரைக்குடி

பதில்: தயவுசெய்து அனுமதிக்காதீர்கள். வழியில் எங்காவது நியூட்ரல் விட்டுப்போனால், அந்தத் துண்டு வயர் வழியாக முழு 230 வோல்ட்டும் அடுப்பின் உலோக உடலுக்கு வந்துவிடும். டெஸ்டர் இதைக் காட்டிக் கொடுக்காது, எல்லாம் சரியாக இருப்பது போலவே தெரியும். எர்த் குழியோ பைப்போ புதிதாகப் போட்டு, அங்கிருந்து டி.பி. வரை எர்த் கொண்டுவருவதுதான் வழி. கூடவே, கரண்ட் கசிந்தால் உடனே துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. போடுங்கள். புது லைனின் நியூட்ரலை அந்த ஆர்.சி.சி.பி.யின் வெளிமுனையிலிருந்தே எடுக்க வேண்டும். அதன் வழியாக வராத நியூட்ரலைப் பக்கத்து சுவிட்ச் பாக்ஸிலிருந்து எடுத்தால், அடுப்பைப் போட்ட உடனே கசிவு என்று எடுத்துக்கொண்டு ஆர்.சி.சி.பி. விழும். 'ஆர்.சி.சி.பி. பழுது' என்று பலர் அதைக் கழற்றி எறிவது இதனால்தான்.

கேள்வி: தனி லைன் போட்டும் 16 ஆம்பியர் எம்.சி.பி. விழுகிறது. 32 ஆக மாற்றலாமா?
– வாசகி, தஞ்சாவூர்

பதில்: மாற்றக் கூடாது. எம்.சி.பி. காப்பது வயரை. 2.5 வயருக்கு 32 போட்டால், வயர் உருகத் தொடங்கும்போதும் அது விழாமல் நிற்கும். எப்போது விழுகிறது என்று கவனியுங்கள். போட்ட நொடியே விழுந்தால் ஷார்ட் இருக்கிறதா என்று பாருங்கள். கால் மணி, அரை மணி கழித்து விழுந்தால் பாரம் அதிகம், அல்லது எம்.சி.பி.யின் முனை தளர்ந்து சூடாகிறது. 2,000 வாட் அடுப்பு, 1,500 வாட் கெட்டில், 750 வாட் மிக்ஸி மூன்றும் சேர்ந்தால் 18 ஆம்பியரைத் தாண்டும். கெட்டிலுக்கு வேறு பாயிண்ட் கொடுங்கள்.

கேள்வி: இரண்டு அடுப்பு கொண்ட 4,000 வாட் இண்டக்ஷன் பதிக்கப் போகிறோம். அதற்கும் இதே வயரிங்தானா? இன்வெர்ட்டரில் ஓடுமா?
– வாசகர், ஈரோடு

பதில்: வயரிங் வேறு. 17.4 ஆம்பியர் என்பதால் பிளக்கே கூடாது. 4 ஸ்கொயர் எம்.எம். வயர், 20 ஆம்பியர் எம்.சி.பி., பேஸையும் நியூட்ரலையும் ஒருசேரத் துண்டிக்கும் டபுள் போல் சுவிட்ச், அதிலிருந்து நேரடி இணைப்பு. மின்கட்டண ரசீதில் உங்கள் வீட்டின் அனுமதிக்கப்பட்ட சுமையையும் பார்த்து, குறைவாக இருந்தால் கூட்டிக்கொள்ள விண்ணப்பியுங்கள். த்ரீ பேஸ் வீடென்றால் ஏ.சி., கீசர் இல்லாத பேஸில் கொடுங்கள். வழக்கமான வீட்டு இன்வெர்ட்டர் இந்த அடுப்பைத் தாங்காது. புது லைனை இன்வெர்ட்டர் லைனோடு எந்த இடத்திலும் சேர்க்க வேண்டாம், நியூட்ரலைக்கூட.