ஹாக்கி கிளப்பைப் பதினொன்றால் அல்ல, ஐந்தால் வகுங்கள்

கேள்வி: குடியாத்தம் பக்கம் பெற்றோர் சிலர் சேர்ந்து சிறுவர் ஹாக்கி கிளப் நடத்துகிறோம். 9 முதல் 15 வயதுவரை 22 பிள்ளைகள். ஓய்வுபெற்ற பி.டி. மாஸ்டர் ஒருவர் சம்பளம் வாங்காமல் பள்ளி மைதானத்தில் சொல்லித் தருகிறார். மாதம் 300 ரூபாய் என்று வைத்தோம், பாதிப் பேர்தான் கொடுக்கிறார்கள். மேட்ச்சில் யாரை இறக்குவது என்பதில் பெற்றோருக்குள் சண்டை வருகிறது. கோல்கீப்பர் கிட் வாங்கப் பணமில்லை. இதை எப்படித் தொடர்ந்து நடத்துவது?

பதில்: 22 என்ற எண்ணைப் பார்த்ததும் இரண்டு பதினோரு பேர் அணி என்று தோன்றும். உங்கள் சிக்கல்களில் பாதி அங்கேதான் தொடங்குகிறது. காய்ச்சல், டியூஷன், கல்யாணம் எல்லாம் போக எந்தக் காலையிலும் 15 பேர் வந்தால் அதிகம். பதினோரு பேர் ஆட்டத்துக்கு 91.4 மீட்டர் நீளமும் 55 மீட்டர் அகலமும் கொண்ட மைதானம் வேண்டும். அதில் ஒன்பது வயதுப் பிள்ளை ஓடிக்கொண்டே இருப்பான், பந்து மட்டும் கிடைக்காது.

ஐவர் ஆட்டத்துக்கு மாறுங்கள். களம் ஏறத்தாழ 48 மீட்டருக்கு 32 மீட்டர்தான். முழு மைதானத்தின் குறுக்கே இப்படி இரண்டு களங்கள் போடலாம். ‘இதெல்லாம் உண்மையான ஹாக்கியா’ என்று கேட்கும் அப்பாக்களுக்கு ஒரு தகவல்: 2024இல் மஸ்கட்டில் ஐவர் ஹாக்கியின் முதல் உலகக் கோப்பை நடந்தது. இந்தியப் பெண்கள் அணி இறுதி ஆட்டம் வரை போனது. நான்கு சிறிய அணிகள் இருந்தால் எல்லாப் பிள்ளைகளும் ஆடுவார்கள், யாரை இறக்குவது என்ற சண்டை தானாகவே தணியும். வெளியூர் மேட்ச்சுக்கு மட்டும் ஒரு விதி போதும்: கடந்த இரண்டு மாத வருகைப் பட்டியலை முதலில் பார்ப்பது, ஆட்டத்தைப் பிறகு பார்ப்பது. அதை முன்கூட்டியே எழுதி ஒட்டிவிடுங்கள். ஆளைப் பொறுக்கும் பொறுப்பு மாஸ்டருடையது. அவரிடம் பேசும் பொறுப்பு ஒரே ஒரு பெற்றோருடையது.

9–11 வயதுக்காரர்களை 12–15 வயதுக்காரர்களோடு ஒரே களத்தில் இறக்க வேண்டாம். ஹாக்கி பந்தின் எடை 156 முதல் 163 கிராம், அதாவது கிரிக்கெட் பந்தின் எடையேதான். பதினைந்து வயதுப் பையன் அடித்தால் சின்னப் பிள்ளையின் முழங்காலுக்குக் கீழே எலும்பு தாங்காது. ஷின் கார்டு (முழங்காலுக்குக் கீழே கட்டும் கவசம்), பல் கவசம் இரண்டில் எது இல்லாவிட்டாலும் அந்தப் பிள்ளை அன்றைக்கு ஸ்கோர் எழுதட்டும். இதில் தயவு தாட்சண்யம் கூடாது. பல் முழுதாகப் பிடுங்கி விழுந்தால் வேரைத் தொடாமல் மேல்பகுதியைப் பிடித்து எடுத்து, பாலில் போட்டு, ஒரு மணி நேரத்துக்குள் பல் மருத்துவரிடம் போக வேண்டும்.

இனி கிட். கிரிக்கெட் பேடைக் கட்டி ஒரு பையனை கோலில் நிறுத்தும் வழக்கத்தை இன்றே விட்டுவிடுங்கள். அது பாதத்தை மூடாது. ஹாக்கியில் பந்து கீழிருந்து எழும்பி வருவதால் தொண்டையும் திறந்தே கிடக்கும். கிட் வரும்வரை கோல்கீப்பரே வேண்டாம். ஒரு மீட்டர் இடைவெளியில் இரண்டு கூம்புகள் வைத்து அதையே கோலாகக் கொள்ளுங்கள். பந்தைத் தூக்கினால் ஃபவுல். பிள்ளைகளுக்குப் பந்தைத் தள்ளும் பழக்கம் இதில்தான் நன்றாக வரும். ஹெல்மெட், தொண்டைக் கவசம், நெஞ்சுக் கவசம், இடுப்புக் கவசம், கையுறை, காலில் கட்டும் பேட், பாதத்தை மூடும் கிக்கர் எல்லாம் சேர்ந்த தொடக்கநிலை கிட் ஏறத்தாழ இருபது மர ஸ்டிக் விலை வரும். கிளப் பணத்தில் முதல் பெரிய செலவு அதுவாகவே இருக்கட்டும். ஜெர்சி அடுத்த வருடம் பார்க்கலாம்.

ஸ்டிக்கை அந்தந்த வீடு வாங்கிக்கொள்ளும். ஆனால் பள்ளிச் சீருடை எடுப்பதுபோல ‘வளருகிற பிள்ளைதானே’ என்று பெரிய அளவு எடுக்கிறார்கள். நிமிர்த்தி வைத்தால் கைப்பிடி முனை இடுப்பெலும்பு அளவில் நிற்க வேண்டும். அதைவிட நீளமாக இருந்தால் பிள்ளை நிமிர்ந்தே நின்று ஆடும், பந்து காலடிக்குள் நழுவும். சரளை மண்ணில் காம்போசிட் (செயற்கை இழைகளால் ஆன) ஸ்டிக் சீக்கிரம் தேய்ந்துவிடும், மரமே போதும். அணித் தேர்வுக்கு டர்ஃப் (செயற்கைப் புல்) மைதானம் போகப்போகிறவர்கள் வாரம் ஒருமுறை பள்ளியின் சிமெண்ட் கூடைப்பந்துத் தளத்தில் பந்தை நிறுத்திப் பழகட்டும். டர்ஃபில் பந்து வரும் வேகத்துக்கு அது ஓரளவு ஈடுகொடுக்கும். கோடு போட சுண்ணாம்பு வேண்டாம், கண்ணில் பட்டால் ஆபத்து. மூட்டையில் விற்கும் கோலமாவுக் கல்பொடி போதும்.

கட்டணத்துக்கு வருவோம். உங்கள் ஊர்ப் பக்கம் தறியிலும் தீப்பெட்டி வேலையிலும் இருக்கும் வீடுகளுக்கு வாரக் கூலிதான். மாதக் கடைசியில் 300 கேட்டால் கை விரிப்பார்கள். சனிக்கிழமை 75 கேட்டால் கொடுப்பார்கள். சம்பளக்காரர்கள் பருவத்துக்கு ஒருமுறை மொத்தமாகக் கட்டட்டும். அதுவும் முடியாத இரண்டு மூன்று வீடுகளுக்கு விலக்கு கொடுங்கள், அது பொருளாளருக்கு மட்டும் தெரிந்தால் போதும். கொடுக்காமல் இருப்பவர்களில் பலர் பணமில்லாதவர்கள் அல்ல, கணக்கு தெரியாதவர்கள். மாதம் 5ஆம் தேதி வரவுசெலவை வாட்ஸ்அப் குழுவில் போட்டுப் பாருங்கள், வித்தியாசம் தெரியும்.

பணம் யாருடைய சொந்தக் கணக்கிலும் இருக்கக் கூடாது. தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம் 1975இன்படி ஏழு பேர் இருந்தாலே சங்கம் பதியலாம். பதிவுச் சான்றும் பான் அட்டையும் தீர்மான நகலும் வைத்து இருவர் கையெழுத்துடன் வங்கிக் கணக்கு தொடங்குங்கள். நன்கொடை கேட்டுப் போகும்போதும் அந்தச் சான்று பேசும். மைதான அனுமதியையும் தலைமையாசிரியரிடம் எழுத்தில் வாங்குங்கள். வாய்ச்சொல் அனுமதி அவர் மாறுதலாகிப் போகும் நாளோடு போய்விடும்.

மாஸ்டருக்குப் பயணப்படியாவது கொடுங்கள், மறுத்தாலும் கொடுங்கள். அவருக்கு உடம்பு சரியில்லாத நாளில் பயிற்சியை நடத்த இரண்டு பெற்றோர் பழகியிருக்க வேண்டும். பெண் பிள்ளைகள் இருந்தால் மைதானத்தில் ஒரு அம்மா கட்டாயம் இருக்கட்டும். ஏப்ரல், மே மாத வேலூர் வெயிலில் காலை 6 மணிக்குத் தொடங்கி 7.30க்குள் முடியுங்கள். பத்தாம் வகுப்புக்காரர்களை டிசம்பரிலிருந்து வாரம் இரண்டு காலை, முக்கால் மணி நேரம் மட்டும் வரச் சொன்னால் முழுதாக நின்றுபோக மாட்டார்கள்.

பழைய வேலூர் மாவட்டம் 2019இல் மூன்றாகப் பிரிந்தது. பள்ளிப் போட்டிகளுக்குப் பள்ளி இருக்கும் மாவட்டமே கணக்கு. ஆம்பூரில் படிக்கும் பிள்ளை திருப்பத்தூர் மாவட்டம், பேரணாம்பட்டில் படிக்கும் பிள்ளை வேலூர் மாவட்டம். பள்ளிப் போட்டிகளில் 14, 17, 19 வயதுக்குட்பட்டோர் என்ற பிரிவுகள் இருப்பதால் பிறப்புச் சான்றிதழ், ஆதார், பள்ளிப் பதிவு மூன்றிலும் பெயர், இனிஷியல், தேதி ஒன்றாக இருக்க வேண்டும். பள்ளி திறக்கும் ஜூனிலேயே எல்லாப் பிள்ளைகளின் நகலையும் வாங்கிச் சரிபாருங்கள். அணிப் பட்டியல் கேட்கும் வாரத்தில் ஆதார் திருத்தத்துக்கு ஓடினால் அந்தப் பிள்ளைக்கு அந்த வருடப் போட்டி போய்விடும்.