செலவு வரம்பு வேட்பாளருக்கு உண்டு, கட்சிக்கு இல்லை

வேட்பாளரின் செலவுக்கு உச்சவரம்பு இருந்தும், பெயர் வெளியே தெரியாமல் கட்சிகளுக்கு நன்கொடை தர வழிசெய்த தேர்தல் பத்திரங்கள் ரத்தான பிறகும், இந்திய அரசியலில் பணத்தின் பிடி ஏன் தளரவில்லை என்றும், தேர்தல் செலவை அரசே ஏற்றால் இது தீருமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். சட்டமன்றத் தேர்தல் ஒன்றில் ஒரு வேட்பாளருக்குக் கணக்கு எழுதிக் கொடுத்தவன் என்ற முறையில் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

2022 ஜனவரியில் உயர்த்தப்பட்டபடி, தமிழகம் போன்ற பெரிய மாநிலங்களில் மக்களவை வேட்பாளர் 95 லட்சமும் சட்டமன்ற வேட்பாளர் 40 லட்சமும் செலவிடலாம். தேர்தல் அலுவலகம் தரும் பதிவேட்டில் அன்றாடச் செலவுக்கு வெள்ளைத் தாள், ரொக்கத்துக்கு இளஞ்சிவப்பு, வங்கிக் கணக்குக்கு மஞ்சள். தேநீர், நாற்காலி, பந்தல் என எல்லாவற்றுக்கும் மாவட்ட நிர்வாகம் விலை நிர்ணயித்திருக்கும். நாம் குறைத்து எழுதினால், ஆணையம் அனுப்பும் செலவுப் பார்வையாளர் தரப்பில் தனியே எழுதப்படும் நிழல் பதிவேடு காட்டிக் கொடுத்துவிடும்.

இவ்வளவு கெடுபிடிக்கும் நடுவில் ஒரு பெரிய வாசல் திறந்தே கிடக்கிறது. வேட்பாளரின் படமும் பெயரும் போட்ட பிளக்ஸ் அவர் கணக்கில் ஏறும்; அதே தெருவில், அதே அளவில், தலைவரின் படமும் சின்னமும் மட்டும் போட்ட பிளக்ஸ் கட்சிச் செலவாகிவிடும். கட்சிக்கோ வரம்பே கிடையாது. தேர்தல் முடிந்தபின் தேர்தல் ஆணையத்திடம் கணக்கைக் கொடுத்தால் போதும்.

இது கவனக்குறைவால் நேர்ந்த ஓட்டை அன்று. கட்சி செய்யும் செலவும் வேட்பாளர் கணக்கில்தான் சேரும் என்று கன்வர்லால் குப்தா வழக்கில் 1974 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அந்த மாதமே அவசரச் சட்டம் கொண்டுவந்து, கட்சிச் செலவு வேட்பாளர் கணக்கில் சேராது என்று விலக்கு அளித்து, அன்றைய மத்திய அரசு அதைச் செல்லாக்காசாக்கியது. 2003இல் அந்த விலக்கைச் சுருக்கி, கட்சி அறிவிக்கும் முன்னணித் தலைவர்களான நட்சத்திரப் பேச்சாளர்களின் பயணச் செலவுக்கு மட்டும் என்று ஆக்கினார்கள். ஆனாலும் வேட்பாளர் பெயரைச் சொல்லாத பொதுப் பிரச்சாரம் இன்றும் எந்த வரம்புக்குள்ளும் வருவதில்லை. ஓட்டுக்குக் கொடுக்கும் ரொக்கம் எந்தப் பதிவேட்டிலும் ஏறாது என்பது ஊரறிந்த விஷயம். பணம் சிக்கியதால் 2019இல் வேலூர் மக்களவைத் தேர்தலையே ரத்து செய்ய வேண்டியதாயிற்று.

தேர்தல் பத்திரங்களை 2024 பிப்ரவரி 15 அன்று ரத்து செய்த ஐந்து நீதிபதிகள் அமர்வு, நிறுவனங்கள் தங்கள் சராசரி லாபத்தில் 7.5 சதவீதம் வரைதான் நன்கொடை தரலாம் என்று முன்பிருந்த வரம்பை நீக்கிய 2017ஆம் ஆண்டுத் திருத்தத்தையும் செல்லாது என்றது. அதன் பிறகு வெளியான பட்டியலில், 1,368 கோடி ரூபாய்க்குப் பத்திரம் வாங்கி முதலிடத்தில் நின்றது ஒரு லாட்டரி நிறுவனம். நல்ல தீர்ப்புதான், மறுக்கவில்லை. ஆனால் அது யார் கொடுத்தார்கள் என்பதைத்தான் வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தது. வாங்கிய கட்சி எவ்வளவு செலவிடலாம் என்ற கேள்வி அந்த வழக்கில் இல்லை. அதோடு, 20,000 ரூபாய்க்கு உட்பட்ட நன்கொடையைத் தந்தவரின் பெயரைக் கட்சிகள் இப்போதும் ஆணையத்திடம் தெரிவிக்க வேண்டியதில்லை.

அரசு நிதியைப் பொறுத்தவரை, தேர்தல் செலவை அரசு ஏற்பது பற்றி ஆராய்ந்த இந்திரஜித் குப்தா குழு 1998இல் அங்கீகரிக்கப்பட்ட கட்சிகளுக்குப் பணமாக அன்றி, வசதிகளாகவும் பொருளாகவும் உதவலாம் என்று பரிந்துரைத்தது. எனக்கு அதில் ஆட்சேபம் இல்லை. ஆனால் கட்சிச் செலவுக்கு உச்சவரம்பு வைக்காமல் அதை நடைமுறைப்படுத்தினால், கட்சிகள் இப்போது செலவிடும் பணம் அப்படியே இருக்க, அதன்மேல் அரசுப் பணமும் சேரும், அவ்வளவே.