முகமலரா, மலர்முகமா?

கேள்வி: என் பொண்ணு பத்தாவது படிக்கிறா. உவமை, உருவகம், தற்குறிப்பேற்றம்னு எல்லா அணியையும் மனப்பாடம் பண்றா, பரீட்சைல மாத்தி எழுதிட்டு வந்துடறா. எனக்கே குழப்பமா இருக்குங்க, எப்படிச் சொல்லிக்குடுக்குறது?
- ஒரு அம்மா, தஞ்சாவூர்

பதில்: விளக்கத்த மனப்பாடம் பண்ண வெச்சா இப்படித்தான் ஆகும்மா. 'மலர்முகம்'னா மலர் மாதிரி முகம், நடுவுல 'போன்ற' ஒளிஞ்சிருக்கு, அது உவமை. அதையே திருப்பிப் போட்டு 'முகமலர்'னா முகம்தான் மலர், ரெண்டும் ஒண்ணாயிடுச்சு, அது உருவகம். தேன்தமிழ், தமிழ்த்தேன், கயல்விழி, விழிக்கயல்னு நாலஞ்சு ஜோடிய சாப்பிடறப்ப திருப்பித் திருப்பிக் கேளுங்க, ரெண்டு நாள்ல பிடிச்சிடுவா.

தற்குறிப்பேற்றம்தான் எனக்கு ரொம்பப் பிடிச்சது. சிலப்பதிகாரத்துல கோவலனும் கண்ணகியும் மதுரைய நெருங்குறப்ப மதில் மேல கொடி ஆடுது. காத்துல கொடி ஆடுறது சாதாரண விஷயம், ஆனா இளங்கோ அது 'வராதீங்க'ன்னு கை காட்டுற மாதிரி இருக்குன்னு சொல்றார், கோவலன் அங்கதான் சாகப்போறான்னு நமக்குத் தெரியுமே, படிக்கிறப்ப பகீர்னு இருக்கும். தானா நடக்குற ஒண்ணுல கவிஞர் தன் கருத்த ஏத்துறார், பேர்லயே இருக்கு பாருங்க, தன் குறிப்பு ஏற்றம்.

தண்டியலங்காரம்ங்கிற அணி இலக்கண நூல்ல பொருளணி, அதாவது பொருளால அழகு தர்ற அணி, மட்டுமே 35 இருக்கு, அதெல்லாம் இப்ப வேணாம். ஒரே சொல் ஒண்ணுக்கு மேல அர்த்தம் தர்ற சிலேடைய மட்டும் விட்டுடாதீங்க. 'படி'ன்னா வாசப்படியா, அரிசி அளக்குற படியா, இல்ல நீங்க தெனமும் போடுற சத்தமான்னு அவளையே கேளுங்க!