மணி பிளாண்ட்: தண்ணீர்தான் எல்லாப் பிரச்சினையும்

வீட்டுக்குள் வைக்கும் மணி பிளாண்ட் பற்றிக் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். வந்த கேள்விகளில் பாதி ஒரே கேள்விதான். முதலில் அதையே எடுத்துக்கொள்கிறேன்.

திருநகர்: அக்கா, ஹாலில் டிவி பக்கத்தில் வைத்திருக்கிறேன். தினமும் தவறாமல் தண்ணீர் ஊற்றியும் இலை மஞ்சளாகி உதிர்கிறதே?

தினமும் ஊற்றுவதால்தான் உதிர்கிறது. வேருக்குத் தண்ணீரைப் போலவே காற்றும் வேண்டும். மண் எந்நேரமும் சொதசொதவென்று இருந்தால் வேர் மூச்சு முட்டி அழுகிவிடும். அழுகிய வேரால் தண்ணீரை உறிஞ்ச முடியாது, அதனால் செடி வாடும். வாடுகிறதே என்று நாம் இன்னும் ஒரு சொம்பு ஊற்றுவோம். இப்படித்தான் நல்ல செடி எல்லாம் போகிறது.

தொட்டியைச் சாய்த்து, மண்ணோடு செடியை வெளியே எடுங்கள். நல்ல வேர் வெள்ளையாக, விறைப்பாக இருக்கும். அழுகிய வேர் பழுப்பாக இருக்கும். இரண்டு விரலால் பிடித்து இழுத்தால் தோல் உருவிக்கொண்டு வந்துவிடும், உள்ளே நூல் மாதிரி ஒன்று மட்டும் நிற்கும், சாக்கடை வாடை அடிக்கும். அதையெல்லாம் வெட்டிவிட்டு, செம்மண் ஒரு பங்கு, கோகோபீட் (தேங்காய் நார்த்தூள்) ஒரு பங்கு, மண்புழு உரம் அரைப் பங்கு, ஒரு கை பெருமணல் கலந்து புதிதாக நடுங்கள். திருமங்கலம் பக்கத்துக் கரிசலைத் தொட்டிக்குப் போடாதீர்கள். ஈரம் பிடித்தால் விடாது, காய்ந்தால் வெடித்து வேரை அறுக்கும்.

இனி விரலை மண்ணுக்குள் இரண்டு கணு ஆழம் விட்டுப் பாருங்கள். உள்ளே காய்ந்திருந்தால் மட்டும் தண்ணீர். கத்திரி வெயிலில் மூன்று நான்கு நாளைக்கு ஒருமுறை வேண்டியிருக்கும். ஐப்பசி மழையில் பத்து நாள் ஆனாலும் கேட்காது.

வில்லாபுரம்: பாட்டிலில் போட்டு மூன்று வாரம் ஆகிறது, வேரே விடவில்லை.

கணு இல்லாமல் இலைக்காம்பை மட்டும் கிள்ளிப் போட்டிருப்பீர்கள். கொடியில் இலை கிளம்பும் இடத்தில் பழுப்பாக ஒரு முண்டு இருக்கும் பாருங்கள், வேர் அங்கிருந்துதான் வரும். அந்தக் கணு தண்ணீருக்குள் இருக்க வேண்டும். வாரம் ஒருமுறை கட்டாயம் தண்ணீரை மாற்றுங்கள். நம் ஊர்ச் சூட்டில் டெங்கு கொசு முட்டையிலிருந்து பறக்கும் நிலைக்கு வர ஏழு முதல் பத்து நாள் போதும்.

செல்லூர்: திருடிக்கொண்டு வந்து வைத்தால்தான் வளரும் என்கிறார்களே?

என்னிடம் இருப்பதெல்லாம் கேட்டு வாங்கியவை. நன்றாகவே வளர்கின்றன.

கே.கே. நகர்: வீட்டுக் காற்றைச் சுத்தம் செய்யுமாமே, நாசாவே சொல்லியிருக்கிறதாமே?

நாசா அந்த ஆய்வை 1989இல் வெளியிட்டது. அது காற்றுப் புகாத சிறிய பெட்டிக்குள் செய்த சோதனை. 2019இல் இப்படிப்பட்ட ஆய்வுகளையெல்லாம் சேர்த்துக் கணக்குப் போட்டார்கள். வீட்டில் இயல்பாக நடக்கும் காற்றோட்டம் செய்கிற வேலையைச் செடி செய்ய வேண்டுமானால், ஒரு சதுர மீட்டருக்குப் பத்து முதல் ஆயிரம் செடி வரை வேண்டும் என்று வந்தது. சன்னலைத் திறந்து வையுங்கள். செடியைக் கண்ணுக்குக் குளிர்ச்சியாக இருக்கிறது என்பதற்காக வையுங்கள், அது போதும்.

ஆனையூர்: இலை ஓரம் கருகுகிறது. எங்கள் போர் தண்ணீர் உப்பு, டி.டி.எஸ். 900. அதனால் ஆர்.ஓ. கழிவுத் தண்ணீரைத்தான் ஊற்றுகிறேன்.

ஐயோ, அது இன்னும் உப்பு. மூன்று லிட்டர் உள்ளே போனால் ஒரு லிட்டர் குடிநீர், இரண்டு லிட்டர் கழிவு என்று வைத்துக்கொள்வோம். டி.டி.எஸ். 900 என்றால் லிட்டருக்குச் சுமார் 900 மில்லிகிராம் உப்பு கரைந்திருக்கிறது என்று அர்த்தம், ஆக உள்ளே போன உப்பு 2700 மில்லிகிராம். குடிநீரில் 80 போனால், மிச்சம் 2620ம் அந்த இரண்டு லிட்டரில்தான் இருக்கும். லிட்டருக்கு 1310. அது வீடு துடைக்க ஆகும், தொட்டிச் செடிக்கு ஆகாது.

ஆனையூர், மறுபடியும்: இரண்டு வருஷமாக ஊற்றுகிறேன், செடி உயிரோடுதானே இருக்கிறது? ஓரம் மட்டும்தான் கருகுகிறது.

அந்தக் கருகல்தான் அடையாளம். மணி பிளாண்ட் தாங்கும் செடி, அதனால் இரண்டு வருஷம் தாக்குப்பிடித்தது. மண் மேல் வெள்ளையாக ஏடு கட்டியிருக்கும், பாருங்கள்.

ஒத்தக்கடை: போர் தண்ணீரைக் கொதிக்கவைத்து ஆற்றி ஊற்றலாமே?

கொதிக்கவைத்தால் சுண்ணாம்பில் ஒரு பகுதி பாத்திரத்தில் படியும். சோற்றுப்பு போகாது. தண்ணீர் சுண்டச் சுண்ட அதன் அடர்த்தி கூடத்தான் செய்யும்.

அண்ணா நகர்: ஏசியில் சொட்டும் தண்ணீர்?

தாராளமாக ஊற்றலாம், அதில் உப்பு கிட்டத்தட்ட இல்லை. அதைவிட நல்லது மழைத்தண்ணீர். ஐப்பசியில் மாடியில் இரண்டு டிரம் பிடித்து, கொசு நுழையாமல் வலை கட்டி மூடி வைத்தால் தை வரை நான் சமாளித்துவிடுவேன். மாதம் ஒருமுறை தொட்டி அளவுக்கு இரண்டு மூன்று மடங்கு நல்ல தண்ணீர் ஊற்றி, அடி ஓட்டை வழியே முழுக்க வடியவிடுங்கள். சேர்ந்த உப்பு கழுவிக்கொண்டு போகும். ஓட்டை இல்லாத பீங்கான் தொட்டியில் இதைச் செய்ய முடியாது, அதனால்தான் அதை வாங்காதீர்கள் என்று திரும்பத் திரும்பச் சொல்கிறேன்.

மேலூர்: இலை மஞ்சளாகிறது, என்ன உரம் போடலாம்?

உரம் வேண்டாம். திருநகருக்குச் சொன்னதைப் படியுங்கள்.

பழங்காநத்தம்: இலை மஞ்சள்...

விரலை விட்டுப் பாருங்கள், தம்பி.

வாடிப்பட்டி: பத்து வருஷச் செடி, ஏன் பூக்கவே இல்லை?

நல்ல கேள்வி. பூப்பதற்கு வேண்டிய ஜிப்ரெலின் என்ற ஹார்மோனை இந்தச் செடியால் சரியாக உண்டாக்க முடிவதில்லை. தானாகப் பூத்ததாக 1964க்குப் பிறகு பதிவே இல்லை. பசிபிக் கடலில் மோரேயா என்ற தீவுதான் இதன் தாயகம். பூக்காமலே, கணுவிலிருந்து கணுவாக வளர்ந்தே உலகம் முழுக்கப் பரவியிருக்கிறது. மரத்தில் ஏறவிட்டால் இலை முறம் அளவுக்கு விரியும்.

ஆனையூர்: அக்கா, வெளியே எடுத்துப் பார்த்துவிட்டேன். வெள்ளை ஏடு இருக்கிறது. அடி வேர் முழுக்கப் பழுப்பு, மேலே நாலைந்து வெள்ளை வேர் மட்டும் இருக்கிறது.

அந்த நாலைந்து போதும். பழுப்பை வெட்டிவிடுங்கள், பழைய மண்ணை மறுபடி தொட்டிக்குப் போடாதீர்கள். கொடி நுனியில் இரண்டு கணு இருக்கும்படி ஒரு துண்டு வெட்டி, கேன் தண்ணீரில் தனியாகப் போட்டு வையுங்கள். தாய்ச்செடி பிழைக்காவிட்டாலும் அது பிழைக்கும்.