வண்டி எங்கெல்லாம் நிற்கலாம்?

அன்புள்ள ஐயா,

அமெரிக்காவில் ஒஹாயோ மாநிலத்து வட்டாரத் திட்ட அலுவலகம் ஒன்றில் 24 ஆண்டுகளாகப் போக்குவரத்துத் திட்டமிடுநராக இருக்கிறேன். அடுத்த வருடம் ஓய்வு. பாலம், மெட்ரோ என்று எதையும் நான் கட்டவில்லை. முதியோர் மையம், மெடிகெய்ட் (வருமானம் குறைந்தவர்களுக்கான அரசு மருத்துவ உதவித் திட்டம்), மாற்றுத்திறனாளிகளின் பயிற்சிக்கூடம், தேவாலயம் என்று ஆளுக்கொரு வேன் ஓட்டிக்கொண்டிருந்தவர்களையும் பொதுப் பேருந்துக்காரர்களையும் ஒரே மேசையில் உட்காரவைத்துப் பேசியதுதான் என் வேலை. வண்டியும் ஓட்டுநரும் குறைவு. காலை 7 முதல் மாலை 5 வரைதான் ஓட்டுகிறோம். அதனால் மருத்துவப் பயணங்களுக்கு முதலிடம் கொடுத்து, கடைக்கும் தோழி வீட்டுக்கும் போகிற, அவ்வளவு அவசியமில்லாத பயணங்களைக் கடைசிக்குத் தள்ளினோம். அதில் எனக்குத் திருப்திதான். ஆனால் மொத்தத்தில் பெரிதாக ஒன்றும் செய்துவிடவில்லை என்று தோன்றுகிறது. தமிழ்ச் சங்கத்தில் கேட்பவர்களுக்கு என் வேலையை விளக்கவும் தெரியவில்லை. இதைத் தமிழில் எழுதினால் யாராவது படிப்பார்களா? கட்டுரையாக எழுதலாமா, கதையாகவா? மே மாதம் எங்கள் ஒருங்கிணைப்புத் திட்டத்தின் புதிய வரைவு மக்கள் கருத்துக்கு வருகிறது. மாலை 7 மணிக்குக் கூட்டம். அது முடிந்ததும் எழுத உட்காரலாம் என்றிருக்கிறேன்.

முரளி

அன்புள்ள முரளி,

கதையா கட்டுரையா என்பதை எழுத உட்கார்ந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம். தமிழ்ச் சங்கக் கவலையை விட்டுவிடுங்கள்.

கொஞ்ச நாளாகவே என் அக்காவின் நினைப்பாக இருந்தேன். உங்கள் கடிதம் சரியாக அங்கே வந்து தொட்டது. அக்கா மிச்சிகனில் ஒரு சிறிய ஊரில் இருந்தாள். அத்தான் போனபின், கண்ணும் மங்கிவிடவே, கார் ஓட்டுவதை நிறுத்திவிட்டாள். சிறுநீரகம் பழுதாகி வாரம் மூன்று நாள் டயாலிசிஸ், ஒவ்வொரு தடவையும் நான்கு மணி நேரம். அவளோடு தங்கியிருந்த மாதங்களில் நானும் கூடப் போவேன். வேன் வீட்டு வாசலுக்கே வரும். ஓட்டுநர் இறங்கி லிஃப்ட்டை இறக்கி, சக்கர நாற்காலியை உள்ளே ஏற்றி, நான்கு மூலையிலும் பட்டைகளைக் கொக்கியில் மாட்டி, ஒவ்வொன்றையும் இழுத்துப் பார்ப்பார். அதற்குப் பிறகுதான் அக்காவுக்கு வணக்கம் சொல்வார். அருமையான மனிதர். திரும்பும்போதுதான் பாடு. சிகிச்சை எப்போது முடியும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது, முடிந்த பிறகுதான் போன் செய்யவேண்டும். வேன் அந்த நேரத்தில் கவுன்டியின் (நம் மாவட்டம் மாதிரி) எந்த மூலையில் இருக்கிறதோ அங்கிருந்து வரவேண்டும். அதுவரை குளிர் தாங்காமல் மடியில் கம்பளியோடு அக்கா கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பாள்.

வீடு திரும்பும் வழியில் ஒரு மளிகைக் கடை உண்டு. ஒரு நாள் அக்கா கேட்டாள், அஞ்சு நிமிஷம் நிறுத்தினால் ஆப்பிள் வாங்கிக்கொள்கிறேன், நானே கையால் தொட்டுப் பார்த்து எடுத்து ரொம்ப நாளாச்சு என்று. ஓட்டுநருக்கு முகம் வாடிவிட்டது. அந்த வண்டிக்கு வரும் பணம் மருத்துவப் பயணத்துக்கு மட்டும். கடைக்கு நிறுத்தினால் கணக்கில் எழுத இடமில்லை. கடைக்கு எதிரே தேவாலய வளாகத்தில் முதியோர் மையத்து வேன் சும்மா நின்றுகொண்டிருந்தது. மதியச் சாப்பாட்டுக்கு ஆட்களைக் கொண்டுவந்து இறக்கிவிட்டால் அவர்களைத் திரும்பக் கொண்டுவிடும்வரை அதற்கு வேறு வேலை கிடையாது. அந்த வண்டியும் எங்களுக்காக அசைய முடியாது. யார்மேலும் தப்புச் சொல்ல முடியவில்லை. ஒவ்வொரு வண்டியும் தனக்குப் பணம் கொடுத்தவருக்கு உண்மையாக இருந்தது, அவ்வளவுதான்.

இதைப் பார்த்திருக்கிற எனக்கு, "பெரிதாக ஒன்றும் செய்துவிடவில்லை" என்று நீங்கள் எழுதியதைப் படிக்கப் பொறுக்கவில்லை. கார் ஓட்ட முடியாதவர்களின் பயணத்துக்கு உதவும் மத்திய அரசுத் திட்டங்கள் 62 என்று அந்த நாட்டின் தணிக்கை அலுவலகமே 2003இல் கணக்கிட்டது. 2012இல் அதே அலுவலகம் எண்ணியபோது 80. ஒவ்வொன்றுக்கும் தனி விதி, தனிப் படிவம், தனிப் பயனாளிப் பட்டியல். இவற்றை இணைக்கச் சொல்லி 2004 பிப்ரவரியில் ஜனாதிபதி புஷ் ஓர் ஆணை போட்டார். அடுத்த ஆண்டு வந்த போக்குவரத்துச் சட்டம், முதியோருக்கும் மாற்றுத்திறனாளிகளுக்குமான நிதி வேண்டுமென்றால் பொதுப் போக்குவரத்தும் சமூக நல அமைப்புகளும் சேர்ந்து உள்ளூரிலேயே ஒரு திட்டம் தீட்டியிருக்கவேண்டும் என்றது. சட்டம் வாஷிங்டனோடு நின்றுவிடும். அங்கிருந்து அதை அக்கா வீட்டு வாசல்வரை கொண்டுவருவது உங்களைப் போன்றவர்கள்தான்.

ஒரே வேனில் மூன்று பேர் ஏறுகிறார்கள். ஒருவருக்கு மெடிகெய்ட் பணம் கட்டுகிறது, ஒருவருக்கு முதியோர் நிதி, இன்னொருவர் கையிலிருந்து காசு கொடுக்கிறார். ஒருவர் பாதி வழியில் இறங்கிவிடுகிறார். டீசலும் ஓட்டுநர் சம்பளமும் யார் கணக்கில் எவ்வளவு? விபத்து நடந்தால் யாருடைய காப்பீடு? ஓட்டுநருக்கு யார் கேட்கிற பயிற்சி, யார் கேட்கிற போதைப்பொருள் சோதனை? எங்கள் ஆட்களை உங்கள் வண்டியில் ஏற்றமாட்டோம் என்று முறுக்கிக்கொண்டவர்களை இந்தக் கேள்விகளுக்கு ஒவ்வொன்றாக விடை சொல்லித்தானே நீங்கள் வழிக்குக் கொண்டுவந்திருப்பீர்கள்? எழுதுவதென்றால் அந்த மேசையிலிருந்து தொடங்குங்கள்.

சரி, இப்போது கோபத்துக்கு வருகிறேன்.

கடைக்கும் தோழி வீட்டுக்கும் போவது அவசியமில்லை என்று யார் முடிவு செய்தது முரளி? நீங்கள் இருக்கும் நாட்டின் மாற்றுத்திறனாளிகள் சட்டம் 1990இல் வந்தது. பேருந்து ஓடும் தடத்திலிருந்து முக்கால் மைலுக்குள், அந்தப் பேருந்தில் ஏற இயலாதவருக்குத் தனி வண்டி விடவேண்டும்; கட்டணம் பேருந்துக் கட்டணத்தைப்போல் இரு மடங்குக்கு மேல் போகக்கூடாது; இன்று சொன்னால் நாளைக்கு வண்டி வரவேண்டும். இவையெல்லாம் உங்களுக்கு மனப்பாடம். அதே விதிகளில் இன்னொன்றும் இருக்கிறது. எதற்காகப் போகிறார் என்பதைப் பார்த்து ஒருவரின் பயணத்தை முன்னே தள்ளவும் கூடாது, பின்னே தள்ளவும் கூடாது. பேருந்தில் ஏறுகிற உங்களிடமோ என்னிடமோ எதற்குப் போகிறீர்கள் என்று நடத்துனர் கேட்பதில்லையே, அதே மரியாதை. அந்தச் சட்டத்திலிருந்து பிறந்த விதிகளில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். பேருந்துத் தடமே இல்லாத கிராமப்புறக் கவுன்டிகளை இந்த விதி எட்டாது. எட்டாததால்தான் உங்களால் வரிசை போட முடிந்தது. சட்டம் தடுக்காத இடத்தில் உங்கள் மனசாவது தடுத்திருக்க வேண்டாமா?

1978 ஜூலையில் டென்வரில் 19 பேர் தங்கள் சக்கர நாற்காலிகளோடு கோல்ஃபாக்ஸ், பிராட்வே சந்திப்பில் இரண்டு பேருந்துகளை மறித்தார்கள். இரவு முழுக்கத் தெருவிலேயே கிடந்தார்கள். அவர்களில் பலர் பராமரிப்பு இல்லங்களில் அடைபட்டுக் கிடந்து வெளியே வந்தவர்கள். வேலைக்கும் கடைக்கும் சினிமாவுக்கும் நண்பர் வீட்டுக்கும் எல்லாரும் ஏறுகிற பேருந்தில் தாங்களும் ஏறவேண்டும் என்பதற்காகத்தான் மறித்தார்கள். ஆஸ்பத்திரிக்கு மட்டும் ஒரு வண்டி கேட்டிருந்தால் தெருவில் படுத்திருக்கவே வேண்டாம்.

வண்டி போதவில்லை, டயாலிசிஸைத் தவறவிட்டால் உயிர் போகும் என்பீர்கள். தெரியும், பார்த்தவன்தான். ஆனால் டயாலிசிஸ் நாளும் நேரமும் வாராவாரம் ஒன்றே. உங்கள் அட்டவணையில் அதுதான் முதலில் உட்காரும், அதற்கு யாரும் குறுக்கே வரப்போவதில்லை. மீதியிருக்கும் இடத்தைத்தான் கேட்கிறேன். அந்த இடத்துக்குத் தோல் மருத்துவரைப் பார்க்கப் போகிறவருக்கும் தங்கையைப் பார்க்கப் போகிறவருக்கும் நடுவே நீங்கள் நீதிபதியாக உட்காரவேண்டாம். முதலில் கூப்பிட்டவரை ஏற்றுங்கள். சீட்டு விளையாடப் போகிறேன் என்று ஒரு பாட்டி கூப்பிட்டாலும் ஏற்றுங்கள்.

அக்கா டயாலிசிஸ் நாளை "வெளியே போற நாள்" என்பாள். காதோரம் முடியை வாரி, நல்ல சேலையாக எடுத்துக் கட்டிக்கொள்வாள். அவளுக்கு அதைத் தவிர வெளியே போக வேறு நாள் கிடையாது. அவளுடைய சிநேகிதி ஒருத்தி எட்டு மைல் தள்ளி இருந்தாள், அவளும் கார் ஓட்டமாட்டாள். இருவரும் கடைசிவரை போனிலேயே பேசிக்கொண்டார்கள். உங்கள் கவுன்டியில் இருந்திருந்தால் அந்தப் பயணம் கடைசி வரிசைக்குத்தான் போயிருக்கும், இல்லையா?

உங்கள்மேல் எனக்கு நம்பிக்கை இருப்பதால்தான் இவ்வளவு கடிந்துகொள்கிறேன். 24 வருடம் அந்த மேசையை விட்டு எழுந்து போகாமல் இருந்தவர் நீங்கள். ஓய்வுக்கு இன்னும் ஒரு வருடம் இருக்கிறது, வரைவும் உங்கள் கையில்தான் இருக்கிறது. பயணத்தின் காரணத்தை வைத்து வரிசை போடும் அந்தப் பத்தியை எடுத்துவிடுங்கள். டயாலிசிஸிலிருந்து திரும்பும் வண்டி வழியில் ஒரு கடையில் நிற்கலாம், அந்தச் செலவை இன்ன நிதி ஏற்கும் என்று ஒரு வரி சேருங்கள். எந்த நிதி என்று கண்டுபிடிக்க உங்களைவிடத் தெரிந்தவர் அங்கே இருக்கமாட்டார்.

அப்புறம், கூட்டத்தை மாலை 7 மணிக்கு வைத்திருக்கிறீர்கள். வண்டிகள் 5 மணிக்கே நின்றுவிடும் என்றும் நீங்களே எழுதியிருக்கிறீர்கள். யாருக்காக அந்தத் திட்டமோ அவர்கள் எப்படி வருவார்கள்? பகல் 11 மணிக்கு மாற்றுங்கள், வேன்களை அனுப்பி அவர்களை அழைத்துவாருங்கள்.